நுரைமதுக் கழகத்தில் ஒரு சாதாரண ஆள்

நுரைமதுப் புரிதல் கழகத்தின் ருசிக்கூடத்துக்குக் கர்ட்டன் மாட்டப் போனவர், சாயங்காலம் அந்தக் கழகத்தின் உறுப்பினராக வீடு திரும்பினார். இதில் அவர் செய்த தப்பு எதுவும் இல்லை. ஏணியில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திறந்தால் குமிழி கிளம்புகிற திராட்சை மதுக்களை ருசித்துப் பார்த்து, எது எந்த வகை என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. மக்கள் கேட்டதாகத் தகவல் இல்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதுதான் உண்மையான சேவை என்று தலைவர் ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் விளக்கிவந்தார்.

ருசிப்பதற்கென்றே மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது விதிப்படி குற்றம். முதல் நாக்கு, இரண்டாம் நாக்கு, மூன்றாம் நாக்கு என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாக்கு ஓர் அம்மையார். நாக்கு கெட்டுவிடும் என்று உப்பு, காரம், பாராட்டு மூன்றையும் பிறருக்குத் தராமலும் தான் தொடாமலும் வாழ்ந்தவர். இரண்டாம் நாக்கு, முதல் நாக்கு சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்வார். மூன்றாம் நாக்கு, இரண்டாம் நாக்கின் தங்கையைக் கட்டியவர். அதற்கு மேல் அவருக்குத் தகுதி தேவைப்படவில்லை.

அன்று கர்ட்டன்காரர் ஏணியில் ஏறிக் கம்பியில் வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு கிளாஸைச் சுற்றி விவாதம் நடந்தது.

"சுட்ட ரொட்டி," என்றார் முதல் நாக்கு, கண்ணை மூடியபடி. "நனைஞ்ச சுண்ணாம்புச் சுவர். அப்புறம், யாருமே வாசிக்காம விட்டுட்டுப் போன ஒரு பியானோ."

"பியானோ இருக்கு," என்றார் இரண்டாம் நாக்கு. "ஆனா மூடி திறந்திருக்கு."

மூன்றாம் நாக்கு மச்சானின் முகத்தைப் பார்த்தார். "திறந்த மாதிரியும் இருக்கு, மூடின மாதிரியும் இருக்கு," என்றார்.

தலைவர் சலித்துப்போய் அண்ணாந்து பார்த்தார். "மேல இருக்கறவரே, கொஞ்சம் இறங்கி வாங்க. இதைக் குடிச்சுப் பாருங்க."

கர்ட்டன்காரருக்குக் குடிக்கிற பழக்கமில்லை. பெரிய மனுஷர்கள் தாங்கள் குடிப்பதை நமக்கு நீட்டினால் அதில் ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம் என்பது அவர் அனுபவம். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் விழுந்திருக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். குமிழிகள் மூக்குக்குள் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது.

"சோடா மாதிரி இருக்குங்க," என்றார். "சக்கரை போட மறந்துட்டாங்க போல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"உங்களைத்தாங்க இவ்வளவு காலமா தேடிக்கிட்டிருந்தோம்," என்றார்.

விஷயம் இதுதான். கழகத்தின் சட்டப்படி, ருசிக்குழுவில் நிபுணர்களோடு ஒரு 'சாதாரண ஆள்' கட்டாயம் இருக்க வேண்டும். அந்த இடம் நெடுநாளாகக் காலி. மனுப் போட்டவர்கள் எல்லாரும் எதையாவது படித்துவிட்டு வந்தார்கள். நேர்முகத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் 'ப்ரோசெக்கோ' என்று ஒரு நுரைமதுவின் பெயரைச் சொல்லிவிட, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

"நிபுணர்னு ஒருத்தர் இருக்கணும்னா, நிபுணர் இல்லாத ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்," என்று விளக்கினார் தலைவர். "இல்லைன்னா எங்களுக்கே சந்தேகம் வந்துடும். உங்க வேலை ரொம்பச் சுலபம். தெரியாம இருக்கணும். அதை ஒழுங்காச் செஞ்சா போதும்."

"எது தெரியாம இருக்கணும்ங்க?"

"அதைச் சொன்னா தெரிஞ்சுடுமே."

மாதச் சம்பளம், மருத்துவச் செலவு, விடுமுறை எல்லாம் உண்டு என்றார்கள். ஊரில் எல்லாரும் கர்ட்டனை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு மடக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்த காலம். அவர் ஏணியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, சரி என்றார்.

அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய துணிக்கிடங்கின் வாசலில் வேலை. வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பது. நாள் முழுக்க அடுத்தவர் பையைத் துழாவிப் பழகியவளுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. கணவர் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஊதுங்க."

ஊதினார்.

"குடிச்சிருக்கீங்க."

"வேலைக்காகக் குடிச்சேன்மா. இனிமே தினமும் குடிக்கணும். சம்பளம் தர்றாங்க."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "என் வேலையில ஒண்ணு பார்த்திருக்கேன்," என்றாள். "எவன் ரொம்பச் சந்தோஷமாப் பையைத் திறந்து காட்டறானோ, அவன் சட்டைக்குள்ள ஏதோ இருக்கும். ஒண்ணும் தெரியாத ஆளைக் கூப்பிட்டுச் சம்பளம் குடுக்கறாங்கன்னா, தெரிஞ்சவங்க அங்க ஏதோ பண்றாங்க. கண்ணைத் திறந்து வெச்சுக்குங்க."

"கண்ணைத் திறந்து வெச்சா வேலை போயிடும்மா," என்றார் அவர்.

வேலை உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. காலையில் ருசிக்கூடத்தில் போய் உட்கார வேண்டும். அவருடைய நாற்காலி மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. பாட்டில்களை மேசையில் லேபிள் தெரிய வைப்பார்கள். லேபிளைப் பார்க்காமல் ருசிப்பது தயாரித்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது கழகத்தின் கொள்கை. நிபுணர்கள் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, வெள்ளிக் கிண்ணத்தில் துப்புவார்கள். சாதாரண ஆள் மட்டும் விழுங்க வேண்டும். சாதாரண மக்கள் துப்புவதில்லை என்பதற்குக் கழகத்திடம் ஆய்வு முடிவுகள் இருந்தன.

பிறகு நிபுணர்கள் பேசுவார்கள். கடைசியில் தலைவர் இவர் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்பார்.

"நல்லா இருக்குங்க," என்பார் இவர். சில நாள் "பரவாயில்லைங்க" என்பார். ஒரு நாள் ஏப்பம் மட்டும் விட்டார். அதற்கு நிபுணர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாணவர்களும் விருந்தினர்களும் வரும் நாட்களில்தான் சிக்கல். தலைவர் நுரைமதுவின் வகைகளை விளக்குவார். அது சாதாரண ஆளின் காதில் விழக்கூடாது. எனவே அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பஞ்சைக் கழகம் மொத்த விலைக்கு வாங்கியிருந்தது. அது தலைவரின் குரலைத் தாங்கவில்லை.

"நுரைமது நாலு வகை," என்பார் தலைவர். "முதல் வகை, பாட்டிலுக்குள்ளேயே ரெண்டாம் தடவை புளிச்சு, அங்கேயே குமிழி பிறக்கறது. அந்தப் பாட்டிலைத் தலைகீழாச் சாய்ச்சு, தினம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, கசடைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, உறைய வெச்சு வெளியே தள்ளுவாங்க. ரெண்டாவது, பெரிய தொட்டியில அடைச்சு மொத்தமாப் புளிக்க வைக்கறது. மூணாவது, முதல் புளிப்பு முடியறதுக்குள்ளேயே பாட்டில்ல ஊத்தி மூடிடறது. கலங்கலா இருக்கும். பழைய முறைன்னு மரியாதையாச் சொல்லுவோம். நாலாவது, சும்மா கேஸ் ஏத்தறது. அதைப் பத்தி நாம பேசறதில்லை."

"ஏன் சார் பேசறதில்லை?" என்று யாராவது கேட்பார்கள்.

"போன ஆண்டுவிழாவுல நாம ஊத்தினது அதுதான்."

அப்புறம் ஷாம்பெயின் வரும். "ஷாம்பெயின்ங்கறது முதல் வகை. ஆனா அந்தப் பேருள்ள பகுதியில விளைஞ்சாத்தான் அது ஷாம்பெயின். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே பழத்தை, அதே மாதிரி, அதே பொறுமையோட செஞ்சாலும் அது ஷாம்பெயின் இல்லை."

"அப்ப ருசியில என்ன சார் வித்தியாசம்?"

"ருசி ஒண்ணா இருக்கலாம். மரியாதை எப்படி ஒண்ணா இருக்கும்?"

இதையெல்லாம் சுவரைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் கர்ட்டன்காரர். ஆனால் இனிப்பு விவகாரம் வந்தபோது அவரால் முடியவில்லை.

"டிரைன்னா இனிப்பில்லாததுன்னு பொருள்," என்றார் தலைவர். "அதனால, பாட்டில்ல வெறும் டிரைன்னு எழுதியிருந்தா அது இனிப்பா இருக்கும். எக்ஸ்ட்ரா டிரைன்னா அதைவிட இனிப்பு கம்மி. இனிப்பே தெரியக்கூடாதுன்னா ப்ரூட்னு கேட்டு வாங்கணும். இது ரொம்பத் தெளிவான ஏற்பாடு."

"ஏங்க?" என்று கேட்டுவிட்டது சுவர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்தின் மூலையில் இருந்த கண்காணிப்பாளர் மெதுவாக எழுந்தார். கழகத்துக்குள் தேவையற்ற அறிவு பரவாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சத்தமே எழாத செருப்புப் போடுவார். எதிரே வந்து நின்ற பிறகுதான் வந்தது தெரியும்.

"கேள்வி கேட்டீங்களா?" என்றார்.

"இருமினேங்க."

"இருமலுக்குக் கேள்விக்குறி வராது." அவர் பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கேள்வி கேக்கறவன் பாதி தெரிஞ்சவன். மீதிப் பாதியை நான் கண்டுபிடிக்கறேன்."

அன்றிலிருந்து அவர் பார்வை கர்ட்டன்காரர் முதுகிலேயே இருந்தது.

கர்ட்டன்காரருக்கும் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவர் மனதார முயன்றார். ஆனால் துப்புகிறவர்களின் நாக்கு மறந்துவிடலாம், விழுங்குகிறவன் வயிறு மறக்குமா? கேஸ் ஏற்றிய வகை ஒரு பெரிய ஏப்பத்தோடு கதையை முடித்துவிடும். தொட்டியில் பிறந்தது பழ வாசனையோடு மூக்குக்கு நேராக வரும். கலங்கலாக இருப்பது மதியம்வரை வயிற்றுக்குள் வழக்காடும். பாட்டிலில் பிறந்ததன் குமிழி மட்டும் மணல் மாதிரிப் பொடியாக, நின்று நிதானமாக ஏறும். அதைக் குடிக்கும்போது, சூடாக ரொட்டி வெந்துகொண்டிருக்கிற கடைக்கு எதிரே நிற்பது போலிருந்தது.

அந்த வகை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒன்று பிடித்துப்போவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் வேலை போய்விடும். எனவே அது வரும் நாளில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்பார். மனைவிகூட ஒருநாள் கேட்டாள்: "என்னங்க, ஏதோ கள்ளத் தொடர்பு வெச்சிருக்கறவர் மாதிரி முழிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா."

"பையைக் காட்டுங்க."

பையில் காலி டிபன் பாக்ஸ்தான் இருந்தது. அவள் சந்தேகம் அதனால் கூடியது.

கடைசியில் அது வாய் தவறி வந்தது. ஒரு காலை, முதல் நாக்கு ஒரு கிளாஸை ருசித்துவிட்டுக் கிண்ணத்தில் துப்பினார். "பாட்டில்லயே பிறந்தது," என்றார். "அந்தப் பொறுமை தெரியுது." லேபிளும் அப்படித்தான் சொன்னது. கர்ட்டன்காரர் ஒரு வாய் விழுங்கினார். குமிழி சுருக்கென்று மூக்குக்கு வந்தது.

"தொட்டிங்க இது," என்றார், தன்னை மறந்து.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாக்கு துப்ப மறந்து விழுங்கிவிட்டார். கழக வரலாற்றில் அது முதல் முறை. தலைவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?"

"தொட்டி... தொட்டித் தண்ணி மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேங்க."

கண்காணிப்பாளர் மூலையிலிருந்து புன்னகை செய்தார். அவர் புன்னகை செய்வதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த விடுமுறையன்று மதியம் அவர் கர்ட்டன்காரரின் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு கனத்த தோல்பையோடு. சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். ஒரு வினிகர் பாட்டிலை மோந்து பார்த்துத் தும்மினார். "வீட்டுல படிக்கறீங்களா? குமிழியைப் பத்தி யாராவது வந்து பேசறாங்களா?" என்று விசாரித்தார். கர்ட்டன்காரர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் கிளம்பும்போது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"பையைக் காட்டுங்க."

"என்னம்மா?"

"வெளியே போறவங்க பையைக் காட்டிட்டுத்தான் போகணும். இது என் பழக்கம்."

விசாரிக்கிறவரை யாரும் விசாரித்ததில்லை போலிருக்கிறது. கை தானாகப் பையைத் திறந்தது. உள்ளே நான்கு பாட்டில்கள், நான்கு லேபிள்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், மேலிருந்து கீழாக விரலால் தடவினாள், திரும்பவும் உள்ளே வைத்தாள். "போயிட்டு வாங்க," என்றாள்.

கதவைச் சாத்தியதும் விரல்களைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பசை. இன்னும் காயலை. பாட்டில் நாலும் ஒரே உருவம், ஒரே மூடி. இப்பத்தான் லேபிளை ஒட்டியிருக்கார். உங்களுக்கு நாளைக்கு ஏதோ பரீட்சை இருக்கு. நாலும் ஒண்ணுதான்."

கர்ட்டன்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலும் ஒண்ணுன்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு ஆயிடும்."

"அப்ப வேற வேறன்னு சொல்லுங்க."

"அது பொய்யாச்சே."

"இப்ப வரைக்கும் என்ன சொல்லிக்கிட்டிருந்தீங்க?"



மறுநாள், கழக உறுப்பினர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்த ருசிக்கூடத்தில் நான்கு பாட்டில்களும் லேபிளைக் காட்டிக்கொண்டு நின்றன. நிபுணர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. முதல் பாட்டிலில் முதல் நாக்கு கடற்கரையில் உலர்த்திய கம்பளியைக் கண்டார். இரண்டாவதில் பச்சை ஆப்பிளும் ஒரு சின்ன மனஸ்தாபமும் இருந்தன. மூன்றாவதைக் குடித்துவிட்டு இரண்டாம் நாக்கு கண்கலங்கினார். கேஸ் ஏற்றியது என்று லேபிள் ஒட்டிய நான்காவதை மூவரும் உதட்டிலேயே வைக்காமல், "மட்டம்" என்று கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டார்கள்.

"இப்ப நீங்க," என்றார் தலைவர்.

கர்ட்டன்காரர் நான்கையும் குடித்தார். நான்கும் அவருக்குப் பிடித்த அதே பொடிக்குமிழி, அதே ரொட்டிக்கடை வாசல். மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டார்.

"முதல்ல குடிச்சது நல்லா இருக்குங்க. ரெண்டாவது கொஞ்சம் புளிப்பு. மூணாவது..." பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "மூணாவது, புதுசாக் குடிபோன வீட்டுல ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்குங்க. நாலாவது மட்டம்."

முதல் நாக்கின் முகம் வெளுத்தது. "திறந்த ஜன்னல்," என்றார் மெல்ல. "நான் அதைத்தான் சொல்ல நினைச்சு, வார்த்தை கிடைக்காம விட்டேன். தலைவரே, இவர் நிபுணர். எத்தனை காலமா நம்மகூட உட்கார்ந்து நம்மளை ஏமாத்திக்கிட்டிருக்கார்."

"ஐயோ, இல்லைங்க அம்மா," என்றார் கர்ட்டன்காரர். வியர்த்து வழிந்தது. இதற்கு மேல் பொய் தாங்காது என்று தோன்றியது. "நான் சும்மா சொன்னேங்க. நாலும் ஒண்ணுதாங்க. பாட்டில்லயே பிறந்தது. லேபிள் மட்டுந்தான் வேற."

கண்காணிப்பாளர் எழுந்தார். "நாலும் ஒண்ணுதான்," என்று அறிவித்தார். "நானே ஒட்டினேன். இவருக்குத் தெரிஞ்சிருக்கு. குற்றம் நிரூபணம்."

யாரோ பின்வரிசையில் கேட்டுவிட்டார்கள், அப்படியானால் நிபுணர்கள் மூவரும் நான்கு விதமாகச் சொன்னார்களே என்று. தலைவர் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் போல எழுந்து நின்றார். அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு அது என்று பிற்பாடு கழக மலரில் வெளியாயிற்று.

"ஒன்றை ஒன்று என்று சொல்வதற்கு நிபுணர் எதற்கு?" என்று தொடங்கினார். "அது வீதியில் போகிற யாருக்கும் வரும். ஒன்றை நான்காகப் பார்க்கத்தான் படிப்பு. நான்கை நாற்பதாகப் பார்க்கத்தான் பதவி. நம்முடைய நாக்குகள் இன்று தங்கள் கடமையைச் செய்தன. கடமை தவறியவர் இவர் ஒருவரே. இவர் ஒன்றை நான்காகவும் சொன்னார், ஒன்றை ஒன்றாகவும் சொன்னார். முதலாவது நிபுணருக்குரிய உரிமையைப் பறிப்பது. இரண்டாவது நிபுணரே தேவையில்லை என்று சொல்வது. சாதாரண ஆளிடம் நாம் எதிர்பார்த்தது எளிமையான ஒன்று. அவர் வாயைத் திறக்க வேண்டும், ஆனால் எதுவும் வெளியே வரக்கூடாது."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கர்ட்டன்காரரும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

விசாரணை ஒரு சம்பிரதாயத்துக்காக நடந்தது. "எதனால தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள். "குடிச்சதனாலங்க," என்றார். இந்தப் பதிலின் உள்நோக்கத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. கடைசியில் முத்திரையும் கையெழுத்துமாக ஓர் ஆணையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனிமேல் இந்தத் தவறு நேரக்கூடாது என்று, சாதாரண ஆள் பதவிக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் கட்டாயமாக்கப்பட்டன. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதை விரிவாக விளக்கி எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆணையை மனைவியிடம் நீட்டினார். வேலை போனதைவிட, பிடித்த ஒன்றைப் பிடித்ததாகச் சொல்லாமலே இத்தனை நாள் முகத்தைச் சுளித்ததுதான் அவரை உறுத்தியது. மனைவி ஆணையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டுப் படித்தாள்.

"'மேற்படியார், நுரைமதுவின் வகைகள் அனைத்தையும் ஐயத்துக்கிடமின்றிப் புரிந்துகொண்டுள்ளார் என்பது மூன்று நிபுணர்கள் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டதால்...'" நிறுத்தினாள். "என்னங்க, இந்தக் கழகத்துல படிச்சிட்டுப் போறவங்களுக்குச் சான்றிதழ்ல என்ன எழுதிக் குடுப்பாங்க?"

"'கலந்துகொண்டார்'னு எழுதுவாங்க."

"புரிஞ்சுக்கிட்டார்னு?"

அவர் யோசித்தார். "யாருக்கும் எழுதினதில்லை."

"சட்டையை மாத்துங்க," என்றாள்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. அதன் மேலாளரிடம் 'கலந்துகொண்டார்' சான்றிதழோடு வந்த விண்ணப்பங்கள் ஒரு மேசை நிறையக் கிடந்தன. கர்ட்டன்காரர் நீட்டிய ஆணையை அவர் இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை நின்றுகொண்டு படித்தார்.

"கழகமே ஒத்துக்கிட்டிருக்கா?" என்றார்.

"குற்றம்னுதாங்க சொல்லியிருக்காங்க."

"அது அவங்க பிரச்சினை."

இப்படியாக அவர் அந்த ஹோட்டலில், விருந்தினர்களுக்கு எந்த நுரைமது எப்படியிருக்கும் என்று சொல்கிறவர் ஆனார். பியானோ, கம்பளி எதையும் சொல்வதில்லை. "இது பொடிக்குமிழி, நிதானமா இருக்கும். இது பழ வாசனை. இது டிரைன்னு போட்டிருக்கு, ஆனா இனிக்கும், ஏன்னு என்னைக் கேக்காதீங்க," என்பார். முதலில் விருந்தினர்கள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். இவ்வளவு எளிதாகப் புரிகிறதே, இவர் ஏதோ மறைக்கிறார் என்று மேலாளரிடம் புகார்கூட வந்தது. போகப் போகப் பழகிவிட்டார்கள். அவருக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், முகத்தைச் சுளிக்காமல் சொன்னார்.

நெடுநாள் கழித்து ஒரு மாலை, மூலை மேசையில் தனியாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். கழகத்தின் தலைவர். ஓய்வுபெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தார் கர்ட்டன்காரர். கிட்டே போகக் கால் தயங்கியது. மூலையில் செருப்புச் சத்தம் இல்லாதவர் யாராவது நிற்கிறாரா என்று ஒரு முறை சுற்றிலும் பார்த்துக்கொண்டு போனார்.

"வாங்கய்யா. என்ன கொண்டுவரட்டும்?"

தலைவரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களே ஏதாவது நல்லதாப் பார்த்துக் குடுங்க."

"நாலு வகை இருக்குங்கய்யா. உங்களுக்கு நான் என்ன சொல்றது? இது பரீட்சையா?"

"பரீட்சை இல்லைங்க. நெஜமாத்தான் கேக்கறேன்." தலைவர் மேசைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். அன்னைலேர்ந்து இன்னை வரைக்கும். சோடாதான்."

கேலி செய்கிற எண்ணம் கர்ட்டன்காரருக்கு இல்லை. மனதில் பட்டதைத்தான் சொன்னார்.

"அப்படின்னா, அந்தச் சாதாரண ஆள் வேலைக்கு நீங்களே மனுப் போட்டிருக்கலாமேங்கய்யா?"

"போட்டேன்," என்றார் தலைவர். "ஓய்வு வாங்கினதும் போட்டேன். எழுத்துத் தேர்வுல நான்தான் முதல். நேர்முகத்துல விட்டுட்டாங்க."

"ஏங்கய்யா?"

"முதல் நாக்கு என்னையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தாங்க," என்றார் தலைவர். "எனக்கு ஏதோ தெரிஞ்சிருக்குமோன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு."